மலையிலிருந்து இறங்கப்போகும் கேரவன்

1

வருகிற வியாழக்கிழமை காலை என் தம்பி செந்தில், இரண்டரை டன்னுக்கு மேல் எடையுள்ள ஒரு கேரவனைத் தன் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கொடைக்கானல் மலையிலிருந்து பழனிப் பாதையில் இறங்கப் போகிறான். அதை இழுக்கும் வண்டியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவள் நான். ஆஸ்திரேலியாவில் என் சமையல் மேடை முன்னால் உட்கார்ந்து, ஒரு எக்செல் தாளில் தேர்ந்தெடுத்தேன்.

இந்த வாரத்தோடு நான் இங்கே வந்து ஏழு வருடம் ஆகிறது. வருடாவருடம் இந்த வாரத்தில் ஒரு பட்டியல் போடுவேன். கற்றுக்கொண்டவை, மறந்தவை, இன்னும் பழகாதவை. போன வருடம் 'மறந்தவை' என்பதன் கீழே எங்கள் ஊருக்கு வரும் கடைசி பஸ்ஸின் நேரம் இருந்தது. இந்த வருடம் பட்டியலில் கை ஓடவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

2

நாங்கள் இருப்பது குயின்ஸ்லாந்தில் டூவூம்பா என்ற ஊரில். இதுவும் மலைமேல் ஊர்தான். ஆனால் நம்ம கொடைக்கானலின் முழங்கால் உயரம்கூட இருக்காது. விவசாய டிரெய்லர்கள் செய்யும் ஒரு பட்டறையின் வரைபடப் பிரிவில் எனக்கு வேலை. வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கும் கொக்கியும் அதைத் தாங்கும் இரும்புச் சட்டமும்தான் என் பொறுப்பு. ஒரு கொக்கி எந்த எடையில் வளையும், எந்த எடையில் உடையும் என்று நாள் முழுக்கக் கணக்குப் போடுகிறவள்.

இங்கே விடுமுறை என்றால் வீட்டையே இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நாங்களும் நான்கு வருடத்துக்கு முன்னால் பழைய கேரவன் ஒன்று வாங்கினோம். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள, இரட்டை அச்சு கேரவன். அதை இழுக்க ஒரு 'யூட்' வேண்டும். முன்னால் நான்கு கதவு, ஐந்து பேர் உட்காரும் இடம், பின்னால் திறந்த தொட்டி. நம்மூரில் டபுள் கேபின் பிக்கப் என்போம்.

விற்பனைக்காரர்கள் எல்லோரும் ஒரே எண்ணைச் சொன்னார்கள். மூன்றரை டன் இழுக்கும். அந்த எண் பொய் இல்லை. ஆனால் அது மட்டும் உண்மையும் இல்லை. கேரவனின் எடையில் பத்தில் ஒரு பங்காவது வண்டியின் கொக்கிமேல் உட்கார வேண்டும். அப்போதுதான் அது பின்னால் வாலாட்டாமல் வரும். மூன்று டன் கேரவன் என்றால் முந்நூறு கிலோ கொக்கிமேல். அந்த முந்நூறு வண்டி சுமக்கக்கூடிய எடையில் கழியும். அதற்குமேல் நாலு பேர், பெட்டிகள், டீசல். இதெல்லாம் போக, வண்டியும் கேரவனும் சேர்ந்து இவ்வளவுக்குமேல் போகக்கூடாது என்று இன்னொரு எண் இருக்கிறது. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் மூன்றரை டன் வண்டிக்கு மிச்சம் ஒரு நாய்க்குட்டிக்குத்தான் இடம் இருக்கும். என் கணவர் கார்த்தி, "நாய்க்குட்டியும் வேணாம், பூனை வாங்கலாம்" என்றார்.

கடைசியில் ஒரு யூட் வாங்கினோம். பதிவு அலுவலகத்தில் என் பெயரில் இரண்டாவது பாதியாக அப்பா பெயர் இருப்பதால், வண்டியின் தாளில் அப்பா பெயர்தான் பெரிதாக விழுந்தது. கவுண்டரில் இருந்த பெண் என்னைப் பழனிச்சாமி என்றே கூப்பிட்டாள். திருத்த இரண்டு படிவம் நிரப்பி, மூன்று மாதம் கழித்து அதே பெயரில் புதுத் தாள் வந்தது. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத அப்பாவின் பெயரில் இங்கே ஒரு வண்டி ஓடுகிறது. தாளைப் படம் பிடித்துச் செந்திலுக்கு அனுப்பினேன். கூடவே கேரவன் படமும் போனது. அங்கே ஆரம்பித்தது இது.

3

எங்கள் ஊர் கொடைக்கானலுக்கும் மேலே, பூண்டும் கேரட்டும் விளைகிற படிக்கட்டு வயல்களின் நடுவில் இருக்கிறது. செந்திலுக்கு வயலில் மனசு நிற்காது. ஆறு வருடம் வட்டக்கானலில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை பார்த்தான். டூரிஸ்ட் எதற்குக் காசு கொடுப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

"அக்கா, ரூம் கட்ட பெர்மிஷன் வாங்கி மாளாது. கேரவன்னா சக்கரம் இருக்கு. கட்டடம் இல்ல, வண்டி. நம்ம மேட்டு வயல்ல வியூ பாத்து நிறுத்திட்டா ஹனிமூன்காரங்க கியூல நிப்பாங்க."

அதிலும் ஆயிரம் தாள் இருந்தது. டிரெய்லராகப் பதிய ஒரு அலுவலகம், வயலில் நிறுத்த ஒரு அலுவலகம். அவன் அலைந்தான். கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் கேரவன் செய்யக் கொடுத்தான். ஊரில் யாருக்கும் புரியவில்லை. நம்மூரில் கேரவன் என்றால் நடிகர்கள் மேக்கப் போட்டு உட்கார்ந்திருக்கும் வண்டிதானே. பக்கத்து வயல் காளியப்பன் சித்தப்பா என்னிடமே வீடியோவில் கேட்டார்.

"ஏத்தா, ஒந்தம்பி கேரவன் செய்யுறானாமே. யாரு நடிக்கப் போறா, இவனா? இவன் மூஞ்சிக்கு வில்லன்கூடக் குடுக்க மாட்டானேத்தா."

"நீங்கதான் ஹீரோ சித்தப்பா" என்றேன். ஒரு வாரம் அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாராம்.

இரண்டு டன்னில் முடிய வேண்டிய கேரவன் அது. பட்டறைக்காரர் தேக்குப் பலகை அடிக்கலாம் என்றார். செந்தில் சரி என்றான். சமையல் மேடைக்குக் கிரானைட் என்றார். சரி என்றான். தண்ணீர்த் தொட்டி முந்நூறு லிட்டர். நான் ஒவ்வொரு முறையும் எடை கேட்டேன். "வெயிட்ல என்னக்கா இருக்கு, ரிச்சா இருக்கணும்ல" என்றான்.

4

வண்டி வாங்கும் நேரம் வந்தபோது நான் எழுதி அனுப்பிய பட்டியல் இது.

ஒன்று, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி.
இரண்டு, டீசல், டர்போ. மலை ஏற ஏறக் காற்று மெலியும், எஞ்சினுக்கு மூச்சு வாங்கும்.
மூன்று, வண்டியின் சொந்த எடை இரண்டு டன்னுக்குக் குறையக்கூடாது. பின்னால் வருவது முன்னால் போவதைவிடப் பெரியதாக இருந்தால் எது எதை ஓட்டுகிறது என்ற கேள்வி வந்துவிடும்.
நான்கு, கேரவன் சக்கரத்தில் மின்சார பிரேக். அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில்.

ஐந்தாவதாக, இழுக்கும் எடையை ஷோரூமில் எழுத்தில் வாங்கச் சொன்னேன். அது கிடைக்கவில்லை. இங்கே கையேட்டில் இருக்கும் எண் அங்கே இல்லை. "யானையவே இழுக்கும் சார்" என்று வாயால் சொன்னார்களாம். அதனால் எண்ணை நானே வைத்தேன். கொண்டை ஊசி வளைவு, மழை, மூடுபனி எல்லாம் சேர்த்து யோசித்து, கேரவன் சகலமும் சேர்ந்து 2800 கிலோ. அதற்குமேல் ஒரு கிலோ ஆனாலும் நகர்த்தாதே என்று எழுதினேன்.

"ஒரு கிலோன்னா? ஒரு கிலோ தக்காளி வாங்கி வச்சாக்கூடவாக்கா?"

"ஆமா."

"ஆஸ்திரேலியாவுல ரூல்ஸ் ஜாஸ்திதான்" என்றான்.

அவன் அதை ரூல் என்று நினைத்தான். நானும் அது ரூல் இல்லை என்று விளக்காமல் விட்டேன். ரூல் என்றால் பயந்தாவது கேட்பான் என்று கணக்குப் போட்டேன். ரூலை உள்ளூரில் எப்படி நடத்துவோம் என்பது எனக்கு மறந்துவிட்டிருந்தது.

5

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி வெறுமனே ஏறாது. காய்கறி ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்கு இறங்குகிற வண்டி, திரும்பும்போது ஊர்க்காரர்களின் அரிசி, உரம், மாட்டுத்தீவனம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வரும். கேட்டுவிட்டு ஏற்ற மாட்டார்கள். வண்டி நிற்கிறது, இடம் இருக்கிறது, மூட்டை ஏறும். வாடகை கிடையாது. வேண்டாம் என்று சொன்ன வண்டிக்காரனை நான் பார்த்ததில்லை. அதே வண்டிதான் பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் இறங்கும். என் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது காளியப்பன் சித்தப்பா தன் கேரட் மூட்டைகளை ரோட்டோரம் உருட்டிவிட்டு, அந்த இடத்தில் பாய் விரித்துப் படுக்கவைத்துத் திண்டுக்கல் கொண்டுபோனார். அம்மா பிழைத்தார். கேரட் மழையில் அழுகியது. அதைப் பற்றி அவர் இன்றுவரை பேசியதில்லை.

செந்தில் கோயம்புத்தூரிலிருந்து கேரவனை இழுத்துவந்த நாள் ஒரு சனிக்கிழமை. ஒட்டன்சத்திரத்தில் எடைமேடையில் ஏற்றிச் சீட்டை அனுப்பினான். கேரவன் மட்டும் 2640. எனக்கு உயிர் வந்தது. ஒரு மணி நேரம் கழித்து அவன் மனைவி தேவி வீடியோவில் அழைத்தாள். அங்கே காலை எட்டு, இங்கே மதியம் பன்னிரண்டரை.

"மதினி, எல்லாரும் வேடிக்கை பாக்காக பாருங்க!"

சந்தைக்கு வெளியே வண்டி நின்றது. ஊர்க்காரர்கள் பத்துப் பேர் சுற்றிலும். நான் வேடிக்கை பார்க்கிறவர்களைப் பார்க்கவில்லை. கொக்கியைப் பார்த்தேன். கேரவனின் எடையில் ஒரு பங்கு கொக்கிமேல் உட்கார்ந்து, பிக்கப்பின் பின்பக்கம் லேசாக அமுங்கியிருக்க வேண்டும். அது தூக்கிக்கொண்டு நின்றது. கேரவனின் மூக்கு வானத்தைப் பார்த்தது.

"தேவி, பின் கதவைத் திறந்து காட்டு."

"எதுக்கு மதினி?"

"காட்டும்மா."

தேக்குப் பலகையிலிருந்து கிரானைட் மேடை வரை மூட்டைகள். கழிப்பறைக்குள் இரண்டு. கட்டில் முன்பக்கம் இருப்பதால், எல்லாம் பின்பக்கம். பதினெட்டு மூட்டை, ஐம்பது கிலோ வீதம் தொள்ளாயிரம். மூன்றரை டன்னைத் தாண்டியாகிவிட்டது. எடைமேடைக்குப் போகும்போது வண்டி வெறுமையாக இருந்திருக்கிறது. திரும்பிவந்து டீ குடிக்க நிறுத்தியதும் ஏறிவிட்டன.

செந்திலைக் கூப்பிட்டேன். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, அவனுக்கும் பிடிக்கவில்லை.

"எறக்கு" என்றேன்.

அவன் குரலைத் தாழ்த்தினான். "எப்படிக்கா சொல்லச் சொல்ற? எல்லாம் நம்மாளுங்க. மொத மொதல்ல வண்டி எடுத்திருக்கேன். சித்தப்பா மூட்டையே ஆறு இருக்கு."

"பின்னால இவ்வளவு எடை இருந்தா அது வாலாட்டும்டா. வளைவுல உன் வண்டியவே பிடிச்சுத் திருப்பிரும். ஸ்பீக்கர்ல போடு. நான் சொல்றேன்."

போட்டான். நான் பேசினேன். எனக்குத் தெரிந்த மரியாதையோடுதான் பேசினேன். ஆனால் ஏழு வருடமாக அலுவலகக் கூட்டங்களில் பேசிப் பழகிய குரல் வந்துவிட்டது. எடை, சதவீதம், பாதுகாப்பு. நான் முடித்ததும் காளியப்பன் சித்தப்பா முகம் திரையில் வந்தது.

"ஏத்தா, அங்கன உக்காந்துக்கிட்டு எங்க மூட்டைய எண்ணுறியாக்கும்?"

"இல்ல சித்தப்பா, செந்திலு உயிரு..."

"சரித்தா, சரித்தா. புரியுது. ஏலே, எறக்குங்கப்பா. நம்ம ஏத்துனா வண்டி கவுந்துருமாம்."

அவர் மூட்டையை அவரே முதுகில் எடுத்து இறக்கினார். செந்தில் உதவப் போனபோது தோளால் தள்ளிவிட்டார். பதினெட்டு மூட்டையும் ரோட்டோரத்தில் வரிசையாக உட்கார்ந்தன. பிக்கப்பின் பின்பக்கம் மெல்ல அமுங்கியது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வத்தலக்குண்டு சுற்றி, அகலமான பாதையில், ஐந்தரை மணி நேரத்தில் செந்தில் ஊர் போய்ச் சேர்ந்தான். "ஏத்தியாச்சு" என்று ஒரு வார்த்தை அனுப்பினான்.

6

கேரவன் மேட்டு வயலில் நின்றது. முதல் மாதமே ஆட்கள் வந்தார்கள். ஆனால் தேவி சொல்வதிலிருந்து எனக்கு வேறொரு பட்டியல் சேர்ந்தது. தண்ணீர் திருப்பிவிடும் முறையில் இவர்கள் வயலுக்குக் கடைசி முறை வந்தது. அவர்கள் மகள் யாழினி பாப்பாவின் நாலாவது பிறந்தநாளுக்குச் சித்தப்பா வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. பூண்டு எடுக்க ஆள் கேட்டால், எல்லோருக்கும் அன்றைக்கு வேறு சோலி இருந்தது. சண்டை ஒன்றும் இல்லை. பேச்சுத்தான் சுருங்கியது.

"கடைக்குப் போனா, 'கேரவன்காரம்மா வெயிட்டு எவ்வளவு'ன்னு கேக்குறாங்க மதினி" என்று தேவி சிரித்தாள். சிரிப்பு கண்ணுக்குப் போகவில்லை.

வேலைக்குப் போகும் வழியில் நான் தினமும் டூவூம்பாவின் பெரிய சரிவைக் கடக்கிறேன். லாரிகள் உச்சியிலேயே நின்று, கியரைக் குறைத்து, எறும்பு மாதிரி இறங்கும். பிரேக் பிடிக்காமல் ஓடிவரும் லாரி புகுந்து புதைந்து நிற்பதற்கென்று ஓரத்தில் சரளை நிரப்பிய பாதை போட்டிருக்கிறார்கள். பழனிப் பாதையில் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் முழங்கால் உயரச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் மரங்களின் உச்சி.

என் பட்டியலில் ஐந்து அம்சம் இருந்தது. மூன்று ஏறுவதைப் பற்றியது. அது ஒருநாள் இறங்க வேண்டிவரும் என்று நான் நினைக்கவே இல்லை.

7

போன ஞாயிற்றுக்கிழமை செந்தில் உற்சாகமாக அழைத்தான். மகன் ஆதவன் என் பக்கத்தில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்தான். எட்டு வயது. மாமாவிடம் "ஹாய் மாமா" என்பதோடு அவன் தமிழ் முடிந்துவிடும். ஆனால் காது திறந்திருக்கும்.

"அக்கா, பழனி அடிவாரத்துப் பாலசமுத்திரத்துல ஷூட்டிங். பத்து நாள் கேரவன் கேக்குறாங்க. நெசமாவே நடிகருக்குத்தான்! வியாழக்கெழமை வெள்ளனே எறக்கணும்."

"எந்தப் பாதை?"

"பழனிப் பாதைதான். வத்தலக்குண்டு சுத்திப்போனா ஒரு நாள் போயிரும்."

"செந்திலு, அது குறுகல். எறங்கும்போது அது பின்னாலேர்ந்து தள்ளும். கேரவன் பிரேக் சரியா இருக்கா?"

"அது இழுத்துப் பிடிச்சுக்கிட்டே கெடந்துச்சுக்கா. கொறைச்சு வச்சிட்டேன். ஏத்தியாச்சுல்ல, எறக்குறதுல என்ன இருக்கு?"

தொட்டியில் தண்ணீர் வைக்காதே, முதல் கியரிலேயே இறங்கு, பிரேக் பெட்டியைப் பழைய அளவுக்கே வை என்று வரிசையாகச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றான். கடைசியில், சொல்லாமல் வைத்துவிடலாமா என்று யோசிக்கிறவன் மாதிரி சொன்னான்.

"சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அன்னைக்கு எறக்கி வச்ச மூட்டைக்கு ஈடா, இந்தவாட்டி அவுக கேரட்ட நானே எறக்கிக் குடுத்துர்றேன்னு சொல்லிட்டேன். கமிஷன் கடைக்காரர் வண்டி பாலசமுத்திரத்துக்கே வந்து எடுத்துக்கும். சித்தப்பா என்னையப் பாத்துச் சிரிச்சாருக்கா. நாலு மாசம் கழிச்சு."

"எத்தன மூட்டை?"

"பன்னெண்டு. பெரிய மூட்டை."

"செந்திலு, அதை பிக்கப்புலயாவது..."

"பிக்கப் தொட்டில ஷூட்டிங்காரங்களுக்கு ஜெனரேட்டர் ஏறுது. இந்தவாட்டி என்னைய எறக்கச் சொல்லாதக்கா. நீ சொன்னாலும் நான் எறக்க மாட்டேன். நீ அங்க இருக்க. நான் இங்க இருக்கணும்ல."

அவன் கோபமாகச் சொல்லவில்லை.

எங்கள் கேரவனுக்கு நான் பயன்படுத்தும் எடைக் கணக்குப் பக்கத்தை ஆதவன் தன் டேப்லெட்டில் திறந்து வைத்திருந்தான். மூட்டைக்கு எவ்வளவு என்று ஆங்கிலத்தில் கேட்டான். அறுபது கிலோ இருக்கும் என்றேன். மாமா கேரவனின் எடையோடு சேர்த்துத் தட்டினான். திரையை என் பக்கம் திருப்பி, "சிவப்பு வந்துருச்சும்மா" என்று ஆங்கிலத்திலேயே சொன்னான். அவனுக்கு அது ஒரு விளையாட்டு முடிந்த மாதிரி இருந்தது. கொஞ்சம் கழித்து, "மாமாகிட்டக் காட்டவா?" என்றான். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். அவனுக்குத் தெரிந்த எந்த மொழியிலும் அதை என்னால் சொல்ல முடியவில்லை.

காளியப்பன் சித்தப்பாவுக்கே போன் செய்தேன். இரண்டு முறை மணி அடித்து நின்றது. மூன்றாம் முறை அவர் மருமகள் எடுத்து, மாமா வயலுக்குப் போயிருக்கிறார் என்றாள். பின்னால் அவர் இருமுவது கேட்டது.

அதன்பிறகு எனக்கு ஒரு வழிதான் தோன்றியது. ஷூட்டிங் நடக்கும் இடத்தில் கேரவனைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தேவியும் கூடப் போகிறாள். பாப்பாவை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை, அதனால் பாப்பாவும். செந்தில் வண்டிக்கான எக்செல் தாளைத் திறந்து, வண்டியில் இருப்பவர்கள் வரிசையிலிருந்து இரண்டு வரிகளை நீக்கினேன். பிறகு தேவியை அழைத்தேன். பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"தேவி, வியாழக்கிழமை நீயும் பாப்பாவும் அந்த வண்டியில ஏறாதீங்க. பஸ்ல எறங்குங்க."

அவள் கை நின்றது. "ஏன் மதினி?"

எல்லாவற்றையும் சொன்னேன். எடையைச் சொன்னேன், கொக்கியைச் சொன்னேன், வளைவில் என்ன நடக்கலாம் என்பதையும் சொன்னேன். முதல் முறையாக, ரூல் என்ற வார்த்தையைப் பயன்படுத்தாமல் சொன்னேன்.

"அவருகிட்ட இப்படிச் சொன்னீங்களா?"

"இனிமே சொன்னாலும் எறக்க மாட்டான்."

"ஆமா, எறக்க மாட்டாரு" என்றாள். "அந்த நாலு மாசம் அவரு சரியாச் சாப்பிடலை மதினி. நேத்துத்தான் ரெண்டு தடவ சோறு வாங்குனாரு."

"அதான் சொல்றேன். நீங்க ரெண்டு பேராவது..."

"இல்ல மதினி." பட்டாணித் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனை முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "நாங்க ஏறித்தான் போவோம். நானும் பாப்பாவும் உள்ள உக்காந்திருந்தாத்தான் அவரு பையப் போவாரு. தனியா விட்டா வெரசாப் போயிருவாரு."

யாழினி எங்கிருந்தோ ஓடிவந்து அவள் மடியில் ஏறிக்கொண்டு, "அத்தை, நான் முன் சீட்டு" என்றது.

போனை வைத்துவிட்டுத் தாளுக்குத் திரும்பினேன். தேவி, ஐம்பத்திரண்டு கிலோ. யாழினி, பதினான்கு. நீக்கிய இரண்டு வரிகளையும் மறுபடி சேர்த்தேன்.